லண்டனை கலக்கிய காமா பயில்வான்: தோல்வியே காணாதவர், கலவரத்தில் அக்கம்பக்கத்தை காத்தவர், கடைசியில் வறுமையில் வாடினார்

நாகமலை புதுக்கோட்டை, மே.23-

காலையில் நாகமலை அடிவாரத்தில் ஓடிவிட்டு வந்து தண்டால் எடுக்கும் இளவட்டங்களுக்கு அர்னால்டை தெரியும். புரூஸ் லீயை நன்றாகவே தெரியும். அந்த புரூஸ் லீ தேடித்தேடி படித்தது ஒரு இந்திய பயில்வானின் உடற்பயிற்சி முறையை என்பது பலருக்கு தெரியாது.

அவர்தான் காமா பயில்வான். கோதாவில் இறங்கி ஒருமுறை கூட தோற்காதவர் என்று பெயர் எடுத்தவர்.

அவர் பிறந்தது மே 22. இறந்தது மே 23. இரண்டுக்கும் நடுவே 82 வருஷம். அந்த 82 வருஷத்தில் ராஜ வாழ்க்கையும் வாழ்ந்தார், மருந்து வாங்க காசில்லாத வாழ்க்கையும் வாழ்ந்தார்.

10 வயதில் 400 பேருடன் போட்டி

காமாவின் முழுப்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ம் ஆண்டு பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் உள்ள ஜப்போவால் கிராமத்தில் பிறந்தார். காஷ்மீரில் இருந்து வந்த குடும்பம். அப்பா, தாத்தா, மாமா எல்லாருமே பயில்வான்கள்.

காமாவுக்கு 6 வயது ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். தாய்வழி தாத்தா எடுத்து வளர்த்தார். அவரும் போய்ச் சேர்ந்தார். பிறகு மாமா கையில் பையன் வளர்ந்தான். அப்பா விட்ட இடத்தை மகன் பிடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே குஸ்தி சொல்லிக் கொடுத்தார்கள்.

1888-ம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். அதிக நேரம் பஸ்கி எடுப்பவருக்கு பரிசு. நாடு முழுக்க இருந்து 400-க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்து குவிந்தனர். அந்த கூட்டத்தில் 10 வயது பையனாக காமாவும் இறங்கினான்.

பள்ளிக்கூடத்தில் 50 தோப்புக்கரணம் போட்டாலே மறுநாள் படி ஏற முடியாது. இங்கே மணிக்கணக்கில் பஸ்கி. மீசை வைத்த பயில்வான்கள் ஒவ்வொருவராக கழன்று கொண்டனர். கடைசி 15 பேர் மிஞ்சியபோதும் பையன் நின்று கொண்டிருந்தான். பார்த்த மகாராஜா அவன்தான் ஜெயித்தவன் என்று அறிவித்துவிட்டார். போட்டி முடிந்து ஒரு வாரம் பையன் படுக்கையை விட்டு எழவில்லை என்று சொல்வார்கள்.

அந்த ஒரே நாளில் பெயர் பரவியது. தத்தியா சமஸ்தானத்து மகாராஜா காமாவை தன் அரண்மனை பயில்வானாக வைத்துக்கொண்டார்.

பால் 10 லிட்டர், பஸ்கி 5 ஆயிரம்

அந்த காலத்தில் பயில்வானாக இருப்பது முழுநேர வேலை. தினமும் 5 ஆயிரம் பஸ்கி, 3 ஆயிரம் தண்டால், 40 பேருடன் மாறிமாறி குஸ்தி. இதுதான் காமாவின் அன்றாட கணக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு கணக்கும் சாதாரணமில்லை. 10 லிட்டர் பால், கோழி சூப்பு, அரைத்த பாதாம், நெய், பழச்சாறு.

இதை எல்லாம் கூலி வேலை பார்த்து சாப்பிட முடியாது. ராஜா படியளந்தால்தான் பயில்வான். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காமாவின் பிற்கால கஷ்டத்துக்கு காரணம் இங்கேதான் இருக்கிறது.

நம்ம தென்மாவட்ட கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குவது வழக்கம். காமாவும் ஒரு கல்லை தூக்கினார். 1902-ம் ஆண்டு பரோடாவில் நடந்த இந்த சம்பவத்தை அந்த கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கல் பரோடா மியூசியத்தில் இருக்கிறது. எடை 1,200 கிலோ என்கிறார்கள். அதாவது 24 மூட்டை சிமெண்ட். அவ்வளவு எடையை ஒரு மனுஷன் தூக்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு.

7 அடி உயர எதிரி

காமாவின் உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம்தான். அவருக்கு வாய்த்த போட்டியாளரோ கிட்டத்தட்ட 7 அடி. பெயர் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. குஜ்ரன்வாலா ஊர்க்காரர். அன்றைக்கு இந்தியாவின் நம்பர் ஒன் பயில்வான் அவர்தான்.

1895-ம் ஆண்டு 17 வயது காமா அவரோடு மோதினார். ரஹீமுக்கு வயது கூடுதல், அனுபவம் கூடுதல், உயரமும் கூடுதல். சின்னப்பையனை நிமிஷத்தில் தூக்கி அடித்துவிடுவார் என்றுதான் கூட்டம் நினைத்தது. ஆனால் மணிக்கணக்கில் மல்லுக்கட்டியும் முடிவு கிடைக்கவில்லை. போட்டி டிரா ஆனது. அன்றில் இருந்து நாடே காமாவை கவனிக்க ஆரம்பித்தது.

லண்டனில் விட்ட சவால்

1910-ம் ஆண்டு காமா கப்பல் ஏறினார். கூடவே தம்பி இமாம் பக்ஷும் போனார். செலவை ஏற்றுக்கொண்டவர் வங்காளத்து பணக்காரர் சரத்குமார் மித்ரா.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நம்ம வ.உ.சி. ஜெயிலில் இருந்த காலம். பாரதியார் புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்த காலம். ஆளப்படுகிற நாட்டில் இருந்து ஒருவன் வந்து ஆள்கிறவன் ஊரிலேயே தொடை தட்டினால் எப்படி இருக்கும்?

லண்டனில் குஸ்தி பெரிய வியாபாரம். டிக்கெட் வாங்கி ஜனம் பார்க்கும். பரிசுப்பணம் கொட்டும். ஆனால் ஆள் குள்ளம் என்று சொல்லி காமாவை முதலில் சேர்க்க மறுத்துவிட்டனர்.

காமா அசரவில்லை. எந்த எடையில் வேண்டுமானாலும் 3 பேர் வரட்டும், அரை மணி நேரத்தில் மூவரையும் சாய்க்கிறேன் என்று பகிரங்கமாக சவால் விட்டார். சும்மா பந்தா காட்டுகிறார் என்று நினைத்து முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் அமெரிக்க வீரர் ரோலர் முன்வந்தார். இவர் படித்த டாக்டரும்கூட. முதல் சுற்றில் 2 நிமிஷத்துக்குள் மல்லாந்தார். அடுத்த சுற்றில் 10 நிமிஷத்துக்குள் மீண்டும் மல்லாந்தார். லண்டன் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. தம்பி இமாம் பக்ஷும் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்து வீரர் ஜான் லெம்மை தோற்கடித்தார்.

தரையோடு ஒட்டிக்கொண்ட போலந்து வீரர்

அடுத்து பெரிய மோதல். 1910-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி. எதிரில் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ. உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர். காமாவை விட 20 கிலோவுக்கு மேல் எடை கூடியவர். ஜெயிப்பவருக்கு 250 பவுண்டு பணமும், உலக சாம்பியனுக்கான ஜான் புல் பெல்ட்டும் பரிசு.

விசில் ஊதியதும் ஒரு நிமிஷத்துக்குள் ஸ்பிஸ்கோவை காமா கீழே தள்ளினார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குப்புறப்படுத்து தரையோடு ஒட்டிக்கொண்டார். 2 தோள்பட்டையும் தரையில் பட்டால்தான் தோல்வி. குப்புறப்படுத்தால் யார் என்ன செய்ய முடியும்? வாடிவாசலை விட்டு வெளியே வராத காளையை எந்த மாடுபிடி வீரர் அடக்க முடியும்?

காமா இழுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். 2½ மணி நேரத்துக்கு மேல் இந்த கூத்து நடந்தது. இருட்ட ஆரம்பித்ததும் டிரா என்று அறிவித்தனர். கூட்டம் கடுப்பாகி ஸ்பிஸ்கோவை திட்டித் தீர்த்தது.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17-ந்தேதி மறுபடியும் மோத வேண்டும் என்று முடிவானது. அன்று காமா வந்தார். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்கு போனது.

அன்றைக்கு உலக அளவில் கொடிகட்டிப் பறந்தவர்கள் ஹேக்கன்ஸ்மித்தும் அமெரிக்காவின் பிராங்க் காட்ச்சும். இருவரும் கடைசி வரை காமாவுடன் மோதவே இல்லை.

பெல்ட்டுடன் ஊர் திரும்பிய காமா, அலகாபாத்தில் பழைய எதிரி ரஹீமை சந்தித்தார். விலாவில் அடிபட்ட ரஹீம் தோற்றார். இந்தியாவின் பெரிய பயில்வான் என்ற ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் காமாவுக்கு கிடைத்தது.

18 வருஷ பாக்கி ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது

ஸ்பிஸ்கோ கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. அவர் லேசுப்பட்டவர் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் உலக ஹெவிவெயிட் சாம்பியனாகவே ஆகிவிட்டார்.

1928-ம் ஆண்டு ஜனவரியில் பாட்டியாலா மகாராஜா இருவரையும் மறுபடியும் மோதவிட்டார். இருவருக்குமே 50-ஐ நெருங்கும் வயது. சுமார் 40 ஆயிரம் பேர் கூடினர். இந்த முறை ஸ்பிஸ்கோ படுக்கவில்லை, மோத வந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்சிமிட்டும் நேரத்தில் மல்லாந்து கிடந்தார். லேட்டாக வந்தவர்கள் எதையும் பார்க்காமலே வீட்டுக்கு போக வேண்டியதாயிற்று.

தோற்ற ஸ்பிஸ்கோ, காமா ஒரு புலி என்று மனம்விட்டு பாராட்டினார். மறுவருஷம் ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற வெளிநாட்டு வீரரும் வந்தார். 2 நிமிஷம் தாக்குப்பிடிக்கவில்லை. அதன்பிறகு காமாவுடன் மோத ஆள் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

தெருமுனையில் நின்ற பயில்வான்

1947-ம் ஆண்டு நாடு இரண்டானது. பஞ்சாப் பற்றி எரிந்தது. இந்துக்கள், சீக்கியர்கள், முஸ்லிம்கள் என்று எல்லா பக்கமும் லட்சக்கணக்கில் செத்தார்கள். கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழந்தார்கள்.

காமா அப்போது லாகூரில் மோகினி ரோட்டில் குடியிருந்தார். லாகூர் பாகிஸ்தானுக்கு போய்விட்டது. அதே தெருவில் இந்து குடும்பங்களும் இருந்தன. கொலைவெறி கும்பல்கள் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

70 வயதை நெருங்கிய காமா, தன் பயில்வான்களோடு தெருவில் இறங்கி நின்றார். தன்னை தாண்டித்தான் இந்த வீடுகளுக்குள் போக முடியும் என்று சொல்லிவிட்டார். வந்த கும்பல் திரும்பிப் போனது. ஒரு வீட்டில் கூட கைவைக்கவில்லை.

நிலைமை மோசமானபோது அந்த குடும்பங்களை எல்லை வரை பத்திரமாக கொண்டுபோய் விட்டார். சில நாட்களுக்கு தேவையான சாப்பாட்டு சாமான்களையும் கொடுத்து அனுப்பினார். அவர்கள் கண்ணீரோடு விடைபெற்றனர்.

லண்டனில் கிடைத்த பெல்ட்டை பெரிதாக பேசுவார்கள். ஆனால் அந்த தெருவில் குடியிருந்தவர்களுக்கு காமா என்றால் இதுதான் ஞாபகம் வரும்.

படியளந்தவர்கள் போனார்கள்

சுதந்திரம் வந்ததும் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ராஜாக்களோடு ராஜாக்கள் கொடுத்த படியும் போனது. காமாவை ஆதரித்த தத்தியாவும் பாட்டியாலாவும் எல்லைக்கு இந்த பக்கம். காமாவோ அந்த பக்கம்.

ஒரு நாளைக்கு 10 லிட்டர் பால் குடித்த மனுஷனை இதய நோயும் ஆஸ்துமாவும் பிடித்துக்கொண்டன. வைத்தியத்துக்கு பணம் இல்லாமல் தவித்தார். பாகிஸ்தான் அரசு உதவி செய்தது. செய்தி இந்தியாவுக்கும் எட்டியது. தொழிலதிபர் ஜி.டி.பிர்லா எல்லை தாண்டி மாதாமாதம் பணம் அனுப்பி வைத்தார்.

1960-ம் ஆண்டு மே 23-ந்தேதி, 82-வது பிறந்தநாளுக்கு மறுநாள், லாகூரில் காமா உயிர் பிரிந்தது.

தாராசிங் வரை தொடர்ந்த பெயர்

காமாவுக்கு கிடைத்த அதே ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டத்தை 1954-ம் ஆண்டு வாங்கியவர் தாராசிங். அவரும் கிங்காங்கும் மோதிய குஸ்தி தமிழ்நாடு வரை வந்து பெரிய கூட்டம் கூட்டியது. இன்றைக்கும் தெருச்சண்டையில் மார்தட்டுபவனை பார்த்து, பெரிய தாராசிங்கு என்ற நினைப்பா என்று நம்ம ஊர் பெருசுகள் கேட்பது வழக்கம். அந்த தாராசிங்குக்கும் முன்னோடி காமா.

தம்பி இமாம் பக்ஷின் மகன்கள் போலு சகோதரர்கள் என்ற பெயரில் பாகிஸ்தானில் குஸ்தியை தொடர்ந்தனர். அவர்களில் ஒருவரான அக்ரம், 1976-ம் ஆண்டு கராச்சியில் ஜப்பான் வீரர் அன்டோனியோ இனோகியுடன் மோதி தோற்றார். பாகிஸ்தான் முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் மனைவி குல்சூம், காமாவின் மகள் வழி பேத்தி ஆவார்.

2022-ம் ஆண்டு மே 22-ந்தேதி காமாவின் 144-வது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பு பக்கத்தில் அவர் படத்தை போட்டு கவுரவித்தது. அதன்பிறகுதான் இந்த தலைமுறையில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டனர்.

ஜிம்முக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கட்ட வழியில்லையே என்று ஏங்கும் பையன்கள் நம்ம பக்கம் ஏராளம். அவர்கள் ஒன்றை கவனிக்கலாம். காமாவின் பயிற்சிக்கு எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை, மண் கொத்திப் போட்ட கோதா. இவ்வளவுதான் அவரிடம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.