டாக்டர் பால் பிராண்டு

கொங்கு நாட்டின் கீழ்த்திசையில் ஓங்கி நிற்பது கொல்லிமலை. அம்மலையில் சுவிசேஷ ஊழியம் புரிந்துவந்த ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் என்னும் தம்பதிகளுக்கு 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் தலைமகனாய்த் தோன்றியவரே டாக்டர் பால் பிராண்டு. ஒன்பதாம் பிராயத்தில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தையார் கொடிய காய்ச்சலால் உயிர் நீத்தார். மைந்தர் அவர் முகத்தை மீண்டும் கண்டாரில்லை.

ஊழியத்துக்கு உதவுமெனக் கருதி முதலில் தச்சும் கொத்தும் பழகிய பிராண்டு, பின்னரே லண்டனில் வைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளைக் கண்டது அவர் வாழ்வின் போக்கையே மாற்றிற்று. அக்கைகளை அவர் நிமிர்த்திய வரலாற்றை உலகம் அறியும். அவர்களுடைய மூக்கைச் சீர்ப்படுத்தியதைப் பலர் அறியார்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களை நாடுவது. உட்புகும் காற்றினால் மூக்கு எப்போதும் குளிர்ந்திருத்தலின், அங்கே அது பெருகுகின்றது. உட்சவ்வு தடித்துப் புண்ணாகிப் பொருக்குக் கட்டி, மூச்சு அடைபடுகின்றது. நாளடைவில் நடுத்தண்டின் குருத்தெலும்பு அழிந்து, மூக்கு உள்ளே அமிழ்ந்துவிடும். 1940-களில் ஸல்போன் மருந்துகள் வந்து கிருமியை அடக்கின. ஆயினும் நோய் நீங்கிய பின்னும் அமிழ்ந்த மூக்கு நீங்காத முத்திரையாய் நின்றது. அம்முகத்தோடு ஊர் திரும்பியவனுக்கு வேலையும் இல்லை. திண்ணையில் இடமும் இல்லை.

நெற்றித் தோலை அறுத்து மூக்கமைப்பது நம் நாட்டின் தொன்மையான முறை. பிராண்டும் முதலில் அதனையே கையாண்டார். ஆனால் அது நெற்றியில் வடுவை விட்டது. பின்னர், சர் ஹெரால்ட் கில்லிஸ் வகுத்த வழியால் ஓர் உண்மை தெளிந்தார்: புறத்தோல் அழியவில்லை, சுருங்கிய உட்சவ்வே அதனை உள்ளிழுத்து வைத்திருக்கின்றது. ஆகவே, மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே கீறி, உள்ளே இறுகிய தழும்பை விடுவித்தார். மடிந்து கிடந்த தோல் மீண்டும் விரிந்தது. அவ்வறைக்கு மெல்லிய தோலால் உட்பூச்சு அமைத்து, இடுப்பெலும்பின் துண்டொன்றை முகட்டு மரம்போல் நிறுத்தினார். முகத்தின் புறத்தே தழும்பு தோன்றவில்லை. இளமையில் வீடு கட்டக் கற்ற கரங்கள் மூக்கையும் உள்ளிருந்தே கட்டின என்னலாம்.

1966-இல் அமெரிக்கா சென்று, அங்கும் தொழுநோயாளர்க்கே உழைத்து, 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கிருமியை ஒழித்தலோடு வைத்தியம் முடிவதன்று. நோயுற்றவன் தன் ஊரார் நடுவே தலைநிமிர்ந்து மூச்சுவிடும்போதே அது நிறைவெய்தும். கொல்லிமலையில் வளர்ந்த இப்பெரியார் நம் மாணவர்க்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாம்.