மணலின் இயல்பை அறிந்தவர்

பாலத்தின்மீது செல்வோர் அதன் வளைவுகளைக் கண்டு வியப்பதுண்டு. நீருக்கும் மணலுக்கும் கீழே மறைந்து நின்று அவ்வளவு பாரத்தையும் தாங்கும் அஸ்திவாரத்தை நினைப்பவர் மிகச் சிலரே. அத்தகைய அஸ்திவாரம் ஒன்றுக்காகத் தமது கீர்த்தியையும் பணயமாக வைத்த ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ் என்னும் அமெரிக்கரின் சரித்திரத்தை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதுகிறோம்.

ஈட்ஸ் 1820-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி இந்தியானா மாகாணத்தில் பிறந்தார். அவருடைய 13-வது வயதில் குடும்பம் செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தபோது, அவர்கள் வந்த நீராவிப் படகு தீப்பற்றி எரிந்து, உடைமைகள் யாவும் நாசமாயின. தெருவில் ஆப்பிள் பழம் விற்றுத் தாயாருக்கு உதவிய அச்சிறுவர், பிறகு ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தார். முதலாளி தமது புஸ்தகங்களைப் படிக்க அவருக்கு இடங்கொடுத்தார். எந்தக் கலாசாலையிலும் அவர் இஞ்சினீயர் தொழிலைப் பயின்றதில்லை. மிஸிஸிப்பி நதியே அவருக்குக் கலாசாலையாயிற்று.

1842-இல் அந்நதியில் மூழ்கிய கப்பல்களிலிருந்து சரக்குகளை மீட்கும் தொழிலில் அவர் இறங்கினார். காற்று நிரம்பிய கூண்டொன்றில் அமர்ந்து, நதியின் அடிக்கே பலமுறை சென்றார். ஓரிடத்தில், நீர்மட்டத்துக்கு 65 அடி கீழே, அடிமணல் குறைந்தது 3 அடி கனத்துக்கு நகர்ந்துகொண்டிருப்பதைத் தாமே உணர்ந்தார். கரையில் நின்று நோக்குவோருக்கு நதிப்படுகை நிலையான தரையாகத் தோன்றும். அதுவும் ஓடுகின்றது என்பதை ஈட்ஸ் அனுபவத்தால் அறிந்தார்.

1867-இல் செயின்ட் லூயிஸில் பாலம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பாறை வரை செல்ல வேண்டியதில்லை, மணலிலேயே தூண்களை நிறுத்தலாமென்று கருதியவர்கள் இருந்தனர். ஈட்ஸ் இணங்கவில்லை. மணலும் சரளையும் களிமண்ணைப் போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவையல்ல. தம் எடையாலும் உராய்வாலும் மட்டுமே நிலைப்பவை. வெள்ளத்தின் வேகம் மிகும்போது அவை பெயர்ந்து ஓடும். நடுவில் ஒரு தூண் நின்றாலோ, நீர் அதைச் சுற்றிச் சுழித்து அடியைத் தோண்டிவிடும். ஆகவே பாறையைத் தொடாமல் நிற்பதில்லையென்று அவர் உறுதிகொண்டார்.

அடி திறந்த பெரிய இரும்பு அறை ஒன்றை ஆற்றில் இறக்கி, அதன்மீது கல்தூணைக் கட்டிக்கொண்டே வந்தனர். நீர் உட்புகாதவாறு அறையில் அழுத்தமான காற்றைச் செலுத்தினர். தொழிலாளர் உள்ளிருந்து மணலைத் தோண்ட, ஈட்ஸ் தாமே வகுத்த மணல் பம்பு அதை மேலே வெளியேற்றிற்று. பாரத்தால் தூண் சிறிது சிறிதாக இறங்கியது. 1870 பிப்ரவரி இறுதியில் கிழக்குத் தூண், நீர்மட்டத்துக்குச் சுமார் 94 அடி கீழே பாறையைத் தொட்டது.

அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையை நாம் மறைக்க விரும்பவில்லை. அவ்வாழத்தில் காற்றின் அழுத்தம் சாதாரண நிலையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அங்கு உழைத்து மேலே வந்தவர்களுக்கு மூட்டுகளில் தாங்கொணா வலியும் பக்கவாதமும் கண்டன. பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஈட்ஸின் சொந்த வைத்தியரான ஜாமினெட்டும் அந்நோயால் வீழ்ந்து அரிதில் பிழைத்தார். வேலை நேரம் குறைக்கப்பட்ட பிறகு மரணங்கள் குறைந்தன. அழுத்தத்திலிருந்து விரைந்து வெளியேறும்போது இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிவதே காரணமென்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878-இல் விளக்கினார். ஆனால் வெளியேறும் வேளையிலேயே ஆபத்து நேர்கிறதென்பதை அந்நாட்டு வைத்தியர்கள் 1854-இலேயே கூறியிருந்தனர். அச்செய்தி உரிய காலத்தில் போற்றப்பட்டிருந்தால் அவ்வேழைத் தொழிலாளரிற் பலர் உயிரோடிருந்திருப்பர். மணலின் இயல்பை அவ்வளவு நுட்பமாக அறிந்தவர், மனித உடலின் இயல்பை அறியுமுன் இவ்வளவு பேரை இழக்க நேர்ந்தது வருந்தத்தக்கதே.

1874 ஜூலை 4-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே 14 ரயில் எஞ்சின்களை அதன்மேல் ஓட்டிப் பரீட்சித்தனர். அதன் நடுவளைவு 520 அடி நீளமுள்ளது. பிறகு அதே நதியின் முகத்துவாரத்தில் அணைகரைகள் கட்டி, நீரோட்டமே மணலை அரித்துக் கப்பல்களுக்கு வழி செய்யும்படி அவர் அமைத்தார். தூணுக்குப் பகையாயிருந்த அரிப்பையே அங்கு ஊழியனாக்கிக்கொண்டார். 1887 மார்ச் 8-ஆம் தேதி பஹாமாஸ் தீவுகளில் அவர் காலமானார்.

இன்று மணலிலும் சரளையிலும் யந்திரத்தால் துளையிட்டு ஆழமான தூண்களை அமைக்கின்றனர். துளை சரிந்துவிடாதபடி எஃகுக் குழாயை இறக்குகிறார்கள், அல்லது பென்டோனைட் களிமண் கூழை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலாக நிரப்புகிறார்கள். அடியில் தங்கிய மணலை அகற்றிக் குழாய் வழியாகக் கீழிருந்து கான்கிரீட் இடுகிறார்கள். பாறை எட்டாத இடத்தில் தூணின் பக்க உராய்வும் அடியின் தாங்குதிறனும் சேர்ந்தே பாரத்தை ஏற்கின்றன. ஆயினும் வெள்ளம் அரித்துச் செல்லக்கூடிய மேல்மணலின் பலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈட்ஸ் ஆற்றடியில் கற்ற பாடம் அதுவேயன்றோ? அப்பாடத்தைப் பெற இப்பொழுது மனிதர் ஆற்றடியில் மாள வேண்டுவதில்லை.

செயின்ட் லூயிஸ் பாலம் இன்றும் உபயோகத்தில் உள்ளது. அதன் அடியில் பாறை இருக்கிறது. அப்பாறையை அடைய உயிரீந்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. பாலத்துக்கு ஈட்ஸின் பெயர் வழங்குகிறது; அந்தத் தொழிலாளரையும் உடன் நினைப்பதே நியாயம்.