உழைப்பால் உயர்ந்த அரசர் உமி

பசிபிக் பெருங்கடலின் நடுவே எரிமலைகளால் உருவானவை ஹவாய்த் தீவுகள். அவற்றுள் மிகப் பெரியதன் பெயரும் ஹவாய் என்பதே. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு அத்தீவை ஆண்டவர் உமி. அக்காலத்தில் ஹவாய் மக்களிடம் எழுத்து இல்லை. அரச மரபை மனப்பாடமாக ஓதி வந்தோர் வாயிலாகவே அவரது வாழ்க்கை நமக்குத் தெரிய வருகிறது. அதில் வரலாறும் கதையும் கலந்துள்ளன.

வைபியோ பள்ளத்தாக்கிலிருந்து ஆண்ட லீலோவா என்னும் அரசர், தலைநகருக்கு வெளியே வாழ்ந்த அகாஹி என்ற பெண்ணை விரும்பினார். பிறக்கும் குழந்தை தம் மகன் என்பதற்குச் சான்றாகத் தம் அரையாடையையும், திமிங்கிலப் பல்லால் ஆன கழுத்தணியையும், கைத்தடியையும் அவளிடம் விட்டுச் சென்றார். அக்குழந்தையே உமி.

உமி ஓர் உழவரின் வீட்டில் வளர்ந்தான். தன் உணவைப் பிற சிறுவர்களுக்குப் பகிர்ந்தளித்ததற்காக வளர்ப்புத் தந்தையிடம் அடி வாங்கினான். அப்போதுதான் தாய் உண்மையை வெளியிட்டாள். சான்றுப் பொருள்களுடன் உமி வைபியோ சென்றான். அரசரின் வேலியைத் தாண்டுவோருக்கு மரண தண்டனை உண்டு. அஞ்சாமல் அதனைத் தாண்டிய சிறுவன், நேரே சென்று அரசரின் மடியில் அமர்ந்தான். லீலோவா தம் பொருள்களைக் கண்டார்; மகனை ஏற்றுக்கொண்டார்.

லீலோவா இறக்கும்போது ஆட்சியை மூத்த மகன் ஹாகாவுக்கும், போர்த்தெய்வத்தைப் பேணும் உரிமையை உமிக்கும் அளித்தார். ஹாகாவு தம்பியின் பிறப்பை இழிவாகப் பேசித் துன்புறுத்தினான். உமி நண்பர்களுடன் வெளியேறி, தம்மை யாரென்று காட்டாமல் உழைத்து வாழ்ந்தார். அக்காலத்தில் முதிய பூசாரிகள் இருவர் உணவு வேண்டி ஹாகாவிடம் சென்றனர். அவன் அவர்களை அவமதித்து அனுப்பினான். உமியோ அவர்களை வரவேற்று விருந்தளித்தார். அவர்களது ஆலோசனையின்படி போரிட்டு வென்று, தீவு முழுவதையும் ஓர் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தார்.

அரசரான பின்னும் உமி உழைப்பை விடவில்லை. கோனா என்னும் பகுதிக்குக் குடிபெயர்ந்து, தம் கைகளாலேயே பயிரிட்டார், மீன் பிடித்தார். ஹுவலாலாய், மௌனா லோவா ஆகிய மலைகளுக்கிடையே அவர் பெயர் தாங்கிய கற்குவியல்கள் உள்ளன. லீலோவாவுக்குரியது என்று போற்றப்படும் இறகுக் கச்சை ஹொனலூலு நகரின் பிஷப் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உமியின் வழித்தோன்றலே புகழ்பெற்ற கமேஹமேஹா. அவருக்கும் முதலில் கிடைத்தது ஆட்சியன்று. அதே போர்த்தெய்வத்தைப் பேணும் உரிமையே. அவர் 1810ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகள் அனைத்தையும் ஒன்றிணைத்தார். பிறப்பைக் காட்டி இகழப்பட்ட சிறுவனை, பின்வந்த அரசர்கள் தம் முன்னோர் எனப் பெருமையுடன் கூறிக்கொண்டனர்.