குதிகாலில் இருந்து ஒரு சொட்டு ரத்தம்... குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றிய ராபர்ட் கத்ரி!

டயட் கோலா டின்னையோ, சுகர் ஃப்ரீ சூயிங்கம் பாக்கெட்டையோ திருப்பிப் பாருங்க. அஸ்பார்டேம் சேர்த்திருந்தால், ஃபினைல்கீட்டோனூரியா இருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும். நாம கண்டுக்காம கடந்துபோற அந்த நோயோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர்தான் ராபர்ட் கத்ரி.

அது என்ன நோய்?

சுருக்கமா பி.கே.யூ. பால், பருப்பு, முட்டைன்னு நாம சாப்பிடும் புரதத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கு. அதை மாற்றும் கல்லீரல் நொதி, பி.கே.யூ குழந்தைகளுக்கு வேலை செய்யாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகும். பிறக்கும்போது குழந்தை நல்லாத்தான் இருக்கும். ஆனால், குடிக்கும் பாலில் இருக்கும் புரதமே மெல்ல மெல்ல மூளையைப் பாதிக்கும்.

1934-ல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இந்த நோயைக் கண்டறிந்தார். 1950-களில் இங்கிலாந்தில் ஹார்ஸ்ட் பிக்கெல் குழுவினர், ஃபினைல்அலனினைக் குறைத்த சிறப்பு உணவு பலன் தருவதைக் காட்டினார்கள். ஆக, நோயும் தெரியும், வழியும் தெரியும். சிக்கல் எதில்னா, நேரத்தில்! அப்போதிருந்த சிறுநீர்ப் பரிசோதனை, பிறந்து சில வாரங்கள் கழித்துத்தான் நோயைக் காட்டும். அதற்குள் பாதிப்பு தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் வந்த வலி

கத்ரி 1916-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர் என்றாலும், பஃபலோ நகரில் புற்றுநோய் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களோடுதான் அவர் வேலை. அவருடைய மகனுக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. அதற்குக் காரணம் பி.கே.யூ அல்ல. ஆனால், அந்த மகனுக்காகவே இதுபோன்ற குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தில் சேர்ந்தார். அந்தப் பழக்கத்தில்தான் பி.கே.யூ பற்றித் தெரிந்துகொண்டார்.

1958-ல் அடுத்த அடி. அவர் மனைவியின் தங்கை மகளுக்கு பி.கே.யூ என்று தெரியவந்தது. அப்போது குழந்தைக்கு 15 மாதம். இழந்ததை மீட்க முடியாத கட்டம். முதல் வாரத்திலேயே தெரிஞ்சிருந்தா? அந்தக் கேள்வி கத்ரியை விடவே இல்லை.

பாக்டீரியா சொன்ன பதில்

அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. குழந்தையின் குதிகாலில் சின்னதா ஒரு குத்து. வரும் ரத்தத்தை வடிதாளில் தொட்டு உலரவிட வேண்டும். அந்தத் தாளிலிருந்து சிறு வட்டம் வெட்டி, பாக்டீரியா கலந்த ஜெல் தட்டில் வைக்க வேண்டும். பாக்டீரியா வளராதபடி தட்டில் ஒரு ரசாயனம் இருக்கும். ரத்தத்தில் ஃபினைல்அலனின் அதிகம் இருந்தால், அந்தத் தடையை மீறி வட்டத்தைச் சுற்றி பாக்டீரியா வளர்ந்து நிற்கும். ஒரே இரவில் விடை!

உலர்ந்த தாள் என்பதால், தபாலிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அமெரிக்காவில் 29 மாநிலங்களில் சுமார் 4 லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்ததில் 39 பேருக்கு பி.கே.யூ இருந்தது. 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பரிசோதனையைச் சட்டமாகவே ஆக்கியது.

6 டாலரா, 262 டாலரா?

500 குழந்தைகளைப் பரிசோதிக்கத் தேவையான பொருட்களை கத்ரி 6 டாலரில் தயாரித்தார். உரிமம் பெற்ற நிறுவனம் அதற்குச் சொன்ன விலை 262 டாலர். கத்ரி சும்மா இருக்கவில்லை. அரசிடம் முறையிட்டார். மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த ஆய்வு என்பதால், அது பொதுச்சொத்து என்றே முடிவானது. நினைத்திருந்தால் காசு பார்த்திருக்கலாம். ஆனால், விலை ஏறினால் ஏதோ ஒரு குழந்தை விட்டுப்போகும்னு அவருக்குத் தெரியும்.

1995-ல் கத்ரி மறைந்தார். இன்று அதே குதிகால் ரத்தத்தில், தைராய்டு குறைபாடு உட்பட பல பிறவி நோய்களைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தியாவில் இது எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. அதனால உங்க வீட்டிலோ, நண்பர் வீட்டிலோ குழந்தை பிறந்தால், பிறந்த குழந்தைகளுக்கான இந்த ரத்தப் பரிசோதனையை எடுத்தாச்சான்னு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அதுவும் முதல் சில நாள்களுக்குள்ளேயே!