நடந்தே போன சிவா

போன மாசம் தீர்த்தமலைக் கோயில் படிக்கட்டில் தொழுநோய் வந்த ஒரு தாத்தாவைப் பார்த்து நான் ஒதுங்கிப் போனேன். அப்புறம்தான் தியாகி சுப்பிரமணிய சிவா வாழ்க்கையைப் படித்தேன்.

1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர். தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து சுதேசிப் பிரசாரம் செய்தார். அதற்காக 1908-ல் சிறை. 1912-ல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். ரயிலில் ஏறக் கூடாதுன்னு வெள்ளைக்கார அரசு தடுத்தது. அவர் முடங்கவில்லை, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார்.

நம்ம மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23-ல் அங்கேயே காலமானார். வயது 40 தான்!

இன்று தொழுநோய்க்கு மருந்து இருக்கு. ஒதுக்குற மனசுக்கு? அடுத்த தடவை அந்தத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். நீங்களும் வாங்க!