பகலில் அரசு அதிகாரி, மாலையில் மேஜிக் கலைஞர்: சீட்டைப் பிரித்து ஒட்டிய ஹோஃப்சின்சர் யார்?

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனால் சீட்டுக்கட்டு மேஜிக் வீடியோ ஒன்றாவது கண்ணில் படும். கையில் இருக்கும் ஹார்ட்டின் ராணி, ஒரே குலுக்கலில் ஸ்பேட் ஏஸ் ஆகிவிடும். கமெண்ட்டில் பாதிப் பேர் எடிட்டிங் என்பார்கள், மீதிப் பேர் கேமரா வேலை என்பார்கள். பல நேரம் இரண்டுமே இல்லை. அந்தச் சீட்டே சாதாரணச் சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

பார்க்க மாமூலான சீட்டு மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே வேலை செய்யப்பட்டிருக்கும். மேஜிக் உலகில் இதற்கு கிம்மிக் கார்டு என்று பெயர். இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். தண்ணீர், பசை, கத்தி வைத்துக்கொண்டு கையாலேயே செய்ய வேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனவர் வியன்னாக்காரரான யோஹான் நெபோமுக் ஹோஃப்சின்சர். மேஜிக் படிக்கிறவர்களுக்கு அவர் பெயர் மனப்பாடம். அவர் கண்டுபிடித்ததில் எவ்வளவு நம் கைக்கு வந்தது என்பதுதான் கதையே.

யார் இவர்?

1806 ஜூன் 19 அன்று வியன்னாவில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரம். ஹோஃப்சின்சர் பார்த்தது நிதித்துறை சார்ந்த அரசு வேலை. கோப்பு, கணக்கு, வரி என்று போகும் உத்தியோகம். மேஜிக்கோடு இதைவிடச் சம்பந்தமில்லாத வேலையைத் தேடினாலும் கிடைக்காது.

ஆபீஸ் முடிந்த பிறகு அவர் வேறு ஆள். நண்பர்கள் வட்டத்தில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தால் மொத்தக் கூட்டமும் கப்சிப். அந்த ஊரின் அன்றைய பிரபல மேஜிக் கலைஞர் லுட்விக் டோப்ளருடன் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. தொப்பிக்குள்ளிருந்து பூச்செண்டுகளை எடுத்துக் கூட்டத்துக்கு வாரி வழங்குவாரே, அந்த டோப்ளர்தான். ஆனால் ஹோஃப்சின்சருக்குப் பெரிய மேடை, புகை, பளபளப்பு எதிலும் ஆர்வமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையை உற்றுப் பார்க்கும் பத்து இருபது பேரை ஏமாற்றுவதுதான் அவருக்குச் சவால். தூரத்தில் இருப்பவனை ஏமாற்றுவது எளிது. மூக்குக்கு நேராக உட்கார்ந்திருப்பவனை ஏமாற்றத்தான் சரக்கு வேண்டும்.

1857இல், ஐம்பது வயதைத் தொட்ட பிறகு, மாயை ஒரு மணி நேரம் என்ற பொருள் தரும் பெயரில் வியன்னாவில் ஒரு சலூன் நிகழ்ச்சியைத் தொடங்கினார். சலூன் என்றால் முடிவெட்டும் கடை இல்லை. வரவேற்பறை மாதிரியான சின்னக் கூடம். அரசு ஊழியர் காசு வாங்கிக்கொண்டு மேஜிக் காட்டுவது அந்தக் காலத்தில் கௌரவமான விஷயமாக இல்லை. அதனால் விளம்பரத்தில் முன்னால் நின்றது மனைவி வில்ஹெல்மினாவின் பெயர். மனைவி பெயரில் பிசினஸ் நடத்தும் அரசு ஊழியர் என்றால் நமக்குச் சுலபமாகப் புரியும்தானே!

சீட்டுக்குள் என்ன செய்தார்?

ஒரு சீட்டு என்பது ஒற்றைக் காகிதம் இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திய காகித அடுக்கு. ஹோஃப்சின்சர் காலத்துச் சீட்டில் அந்த ஒட்டு தண்ணீருக்கு இளகிவிடும். கொஞ்ச நேரம் ஊறவைத்தால் ஓரம் மெல்ல எழும்பும். அவசரப்படாமல் நகத்தால் பிரித்தால் முகப்பு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் எனத் தனித்தனியாக வந்துவிடும். அவசரப்பட்டால் கிழியும், ரொம்ப நேரம் ஊறினால் மை போய்விடும். இப்போதைய சீட்டுகளில் மேல்பூச்சு இருப்பதால் ஊறுவதற்கே நேரம் பிடிக்கும்.

இப்படிப் பிரித்த இரண்டு முகப்புகளை முதுகோடு முதுகாக ஒட்டினால் இரட்டை முகச் சீட்டு தயார். ஒரு பக்கம் ஏஸ், மறுபக்கம் ஐந்து. கையை ஒரு தடவை மறைத்துத் திருப்பினாலே போதும், சீட்டு மாறிவிடும். இரண்டு முதுகுகளை ஒட்டினால் இரட்டை முதுகுச் சீட்டு. அது எப்போதும் கவிழ்ந்திருப்பது போலவே தெரியும்.

கேட்க சிம்பிளாக இருக்கும். உண்மையான பிரச்சினை அதன் பிறகுதான் ஆரம்பிக்கும். பசை ஒரே சீராகப் பரவவில்லை என்றால் நடுவில் கொப்புளம் வரும். காயும்போது சீட்டு வளைந்துகொள்ளும். கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். தடிமன் கொஞ்சம் கூடினாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். கட்டிலிருக்கும் மற்ற சீட்டெல்லாம் கை பட்டு அழுக்காகி இருக்க, இது மட்டும் புதுசாக மின்னினால் கதை முடிந்தது. நல்ல கிம்மிக் கார்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோக வேண்டும்.

இன்னொரு வகை பாதிச் சீட்டு. ஒரு சீட்டின் முகத்தில் குறுக்காக வெட்டிய வேறொரு சீட்டின் பாதி ஒட்டப்பட்டிருக்கும். அன்றைய சீட்டுகளில் பெரும்பாலும் மூலையில் எண்ணோ எழுத்தோ கிடையாது. விசிறி மாதிரி விரித்தால் மக்கள் நடுவில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் என்ன சீட்டு என்று சொல்வார்கள். எந்தப் பாதியை மற்ற சீட்டுகளுக்குப் பின்னால் மறைக்கிறோமோ, அதைப் பொறுத்து ஒரே சீட்டு இரண்டு விதமாகத் தெரியும். மூலை எண் வந்த பிறகு இந்த வித்தையையே திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

இதே ஒட்டுவேலையை ரம்மி ஆடும்போது செய்தால் அது ஃபிராடு. சலூனுக்கு டிக்கெட் எடுத்து வந்தவர் ஏமாறுவதற்கென்றே காசு கொடுத்தவர். ஹோஃப்சின்சர் செய்தது இரண்டாவது.

கத்தியும் பசையும் மட்டுமா?

இல்லை. ஹோஃப்சின்சரைத் தனித்துக் காட்டுவது இதுதான். ஸ்பெஷல் சீட்டு கையில் இருந்தால் விரலுக்கு வேலை இல்லை என்று பலர் நினைப்பார்கள். அவர் அதற்கு நேர்மாறு. இரட்டை முகச் சீட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: யாராவது கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால் மானம் போகும். அதனால் சரியான நொடியில் அதை எடுத்துவிட்டு உண்மையான சீட்டை அந்த இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு அசாத்தியமான கைத்திறன் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

சீட்டுகளை விரித்துக் காட்டிக்கொண்டே தேவையான ஒன்றை அடியில் சத்தமில்லாமல் பிரித்தெடுக்கும் ஒரு நுட்பத்தை இன்றும் அவர் பெயரால்தான் மேஜிக் கலைஞர்கள் குறிப்பிடுகிறார்கள். அவரைப் பொறுத்தவரை மேஜிக்கிலேயே சீட்டுக்கலைதான் கவிதைக்குச் சமம். ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு சின்னக் கதை, ஒரு உரையாடல் வைத்திருந்தார். சீட்டை வெறுமனே மாற்றிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

பிறகு எல்லாம் நெருப்புக்கு

அதே காலத்தில் பாரிஸில் ராபர்ட் ஊடின் என்ற இன்னொரு மேதை இருந்தார். அவர் தன் ரகசியங்களைப் புத்தகமாக எழுதி, 1868இல் வெளியிட்டார். ஹோஃப்சின்சர் எந்தப் புத்தகமும் வெளியிடவில்லை. 1875 மார்ச் 11 அன்று வியன்னாவில் இறந்தார். தன் குறிப்புகளையெல்லாம் எரித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவி அதை நிறைவேற்றினார்.

பாஸ்வேர்டு சொல்லாமல் போய்விட்டால் மொத்த டேட்டாவும் காலி என்பது மாதிரிதான். பல வருட உழைப்பு அப்படியே சாம்பல். ரகசியத்தைக் காப்பது மேஜிக்கின் முதல் விதி என்று இதை நியாயப்படுத்தலாம். ஆனால் ராபர்ட் ஊடின் எழுதிவைத்ததால் மேஜிக் ஒன்றும் செத்துப்போகவில்லை. அடுத்த தலைமுறை அதைப் படித்துத்தான் வளர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் வியன்னாவில் எரிந்தது பெரிய நஷ்டம்தான்.

முழுக்க அழியாமல் போனதற்குக் காரணம், அவர் மாணவர்கள். கியோர்க் ஹோய்பெக் போன்றவர்களுக்கு நேரில் சொல்லிக்கொடுத்ததும், கடிதத்தில் எழுதியதும் நெருப்புக்குத் தப்பின. ஹோஃப்சின்சர் இறந்தபோது ஒட்டோகர் ஃபிஷர் கைக்குழந்தை. அதே வியன்னாவில் வளர்ந்து, மேஜிக் கலைஞராகி, மாணவர்களிடமிருந்து கேட்டும், கிடைத்த தாள்களைச் சேர்த்தும், 1910இல் ஹோஃப்சின்சரின் சீட்டு வித்தைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1931இல் அது ஆங்கிலத்துக்குப் போனது. உலகம் ஹோஃப்சின்சரைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். சீட்டல்லாத மற்ற வித்தைகளைத் தொகுத்த இரண்டாவது புத்தகம் 1942இல் வந்தபோது ஃபிஷர் உயிரோடு இல்லை.

அதில் சில வித்தைகளுக்குக் காட்சி மட்டும்தான் கிடைத்தது, செய்முறை கிடைக்கவில்லை. மிகப் பிரபலமானது ஏஸ் வித்தை. பார்வையாளர் ஒரு சீட்டை எடுத்துத் திரும்பக் கட்டில் வைக்கிறார், ஹார்ட்டின் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். தனியாக இருக்கும் நான்கு ஏஸ்களில் ஹார்ட்டின் ஏஸ் மட்டும் தானாகத் திரும்புகிறது. அடுத்த நொடி அந்த ஏஸ் இருந்த இடத்தில் ஹார்ட்டின் ஐந்து. ஏஸ், கட்டுக்குள்ளே. இதை அவர் எப்படிச் செய்தார்? இரட்டை முகச் சீட்டா, வெறும் விரலா, இரண்டும் கலந்ததா? மேஜிக் புத்தகங்களில் இதற்கு ஹோஃப்சின்சர் பிராப்ளம் என்றே பெயர் வந்துவிட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு விடையை எழுதிக்கொண்டிருக்கிறது. சிலர் கிம்மிக் கார்டு வைத்து, சிலர் சாதாரணக் கட்டிலேயே. அவருடைய சொந்த விடை எந்தத் தாளில் இருந்ததோ, அது எரிந்த குவியலில் போய்விட்டது.