செடியும் சொல்லும் தேடிய ராட்லர்

தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டாரை எண்ணும்போது வீரமாமுனிவரும் போப்பையரும் கால்டுவெல் ஐயரும் நம் நினைவில் முந்தி நிற்பர். பழைய அகராதிகளைப் புரட்டுவோர் ராட்லர் என்ற பெயரையும் அறிவர். தமிழ்ச் சொற்களைத் தொகுத்த அதே கைகள் சோழமண்டலக் கரையின் செடிகளையும் பறித்து, உலர்த்தி, பெயரெழுதி வைத்தன என்பதைத்தான் பலர் அறியார். தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் அடுத்தடுத்து இயங்கும் ஒரு கல்லூரியின் மலரில் அப்பெரியாரின் வரலாற்றைக் கூறுவது பொருத்தமாகும்.

யோகான் பீட்டர் ராட்லர் 1749-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தார். சமயக் கல்வி முடித்து, டேனிஷ் மிஷனின் தொண்டராக 1776-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சீகன்பால்கு 1706-இல் அங்கு வந்து தொடங்கிய பணி அப்போது எழுபது ஆண்டுகளைக் கண்டிருந்தது. மக்களோடு பழகத் தமிழ் வேண்டும் என்பதால் ராட்லர் தமிழைப் பயின்றார். செடிகளின் மீது அவருக்கு நாட்டம் பிறந்ததும் அவ்வூரில்தான்.

அதற்குக் காரணமானவர் மருத்துவர் கோனிக். தாவரங்களுக்கு இருசொற் பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசிடம் நேரில் பாடம் கேட்டவர் அவர். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். நம் வீட்டுக் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் இன்றும் கோனிக்கின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் வழியில் ராட்லர், கிளைன் போன்றோர் ஒரு குழுவாகச் செடிகளைத் திரட்டினர். 1785-இல் கோனிக் மறைந்த பின்னும் அப்பணி நிற்கவில்லை.

1799, 1800 ஆண்டுகளில் ராட்லர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பினார். ஏறத்தாழ 280 கிலோமீட்டர் கொண்ட கரைவழி அது. கொள்ளிடத்தையும் பாலாற்றையும் கடந்து, நம் செங்கற்பட்டுச் சீமையைத் தாண்டாமல் அவ்வழியே சென்னையை அடைய இயலாது. வழியில் கண்ட செடிகளை அவர் குறித்துவைத்தார். அக்குறிப்புகள், பெர்லின் பேராசிரியர் வில்டெனோ எழுதிய விளக்கங்களுடன் 1803-இல் ஜெர்மன் மொழியில் அச்சாயின. வில்டெனோ நம் நாட்டு மண்ணை மிதித்தவர் அல்லர். இங்கிருந்து சென்ற உலர்ந்த செடியும் அதனோடு சென்ற குறிப்புமே அவருக்குக் கண்ணாக இருந்தன. குறிப்பு பிழைத்தால் பெயரும் பிழைக்கும்.

இதன் அருமை விளங்க முட்செடிகளையே எடுத்துக்கொள்வோம். குளக்கரையில் நிற்பதை நீர்முள்ளி என்கிறோம். உப்பங்கழிச் சேற்றில் நிற்பதைக் கழிமுள்ளி என்கிறோம். தரிசில் மஞ்சட்பூவோடு நிற்பது பிரமதண்டு. மாமல்லபுரத்தை அடுத்த மணல்மேடுகளில் காலைக் குத்துவது இராவணன் மீசை. முள்ளை மட்டும் பார்ப்பவனுக்கு இவையெல்லாம் ஓரினம். பூவைப் பார்ப்பவனுக்கோ நீர்முள்ளியும் கழிமுள்ளியும் ஆடாதொடையின் உறவு; பிரமதண்டு அமெரிக்காவிலிருந்து வந்த கசகசாக் குடும்பத்துச் செடி; இராவணன் மீசை ஒரு புல்! மேனாட்டார் திஸில் என்று அழைக்கும் முட்செடிக் கூட்டமோ இவற்றுள் எதனோடும் சேராது. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் தொகுதி.

அக்கூட்டத்துச் செடி ஒன்றைத் தரங்கம்பாடிக் குழுவினரே உலகுக்கு அறிமுகம் செய்தனர். கிளைன் திரட்டிய செடியைக் கொண்டு வில்டெனோ 1803-இல் அதற்குச் செர்ராட்டுலா இண்டிகா எனப் பெயரிட்டார். பின்னர் 1876-இல் கிளார்க் என்பவர் அதனைக் கோனியோகாலான் என்ற பேரினத்தில் வைத்தார். கோணத் தண்டு என்பது அச்சொல்லின் பொருள். இடம் மாறினாலும், முதலில் கொடுத்த இண்டிகா என்ற அடைமொழி இன்றும் நிலைத்திருக்கிறது.

ஒரு செடியைப் புதியது எனச் சொல்வது எளிதன்று. மண்ணும் மழையும் மாறினால் ஒரே செடியின் உயரமும் இலையின் அகலமும் மாறும். அதனால் அது வேறாகிவிடாது. பல செடிகளில் மாறாமல் நிற்கும் கூறு வேண்டும். அவ்வேறுபாடு தனிச் சிற்றினம் ஆகும் அளவுக்கு இல்லாமல், குறிப்பிட்ட நிலப்பகுதியில் மட்டும் நிலையாகக் காணப்பட்டால் அதைத் துணைச் சிற்றினம் என்பர். முன்னர் அறியப்பட்ட உறவுச் செடிகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதி, ஒரு மாதிரியை ஹெர்பேரியத்தில் சேர்க்க வேண்டும். நெடுங்காலம் இலத்தீனில் எழுத வேண்டியிருந்த விளக்கத்தை 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். மொழி மாறினாலும், சான்றாகும் மாதிரி வேண்டும் என்ற விதி மாறவில்லை.

1803-இல் ராட்லர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். வேப்பேரியில் சமயப்பணி ஆற்றியவாறே முதுமையில் தமிழ்-ஆங்கில அகராதியைத் தொகுத்தார். செடிகளைப் பிரித்தறிந்த கண் சொற்களிலும் அதே வேலையைச் செய்தது. ஒத்த வடிவுடைய சொற்களின் பொருளைப் பிரிப்பதும், ஒத்த முள்ளுடைய செடிகளின் இனத்தைப் பிரிப்பதும் ஒரே பொறுமையை வேண்டுவன அல்லவா? அகராதியின் முதற்பகுதி 1834-இல் வெளிவந்தது. எஞ்சிய பகுதிகளை அவர் அச்சில் காணவில்லை. 1836 ஜனவரி 24-இல், தம் 86-ஆம் வயதில் அவர் காலமானார். டெய்லர் பாதிரியாரும் வேங்கடாசல முதலியாரும் திருத்திப் பார்த்து உதவ, 1841-இல் அகராதி நிறைவெய்தியது. தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

அவர் திரட்டிய செடிகள் பிற்காலத்தில் லண்டனுக்குச் சென்று, கியூ தாவரவியல் தோட்டத்தின் ஹெர்பேரியத்தை அடைந்தன. ராக்ஸ்பர்க் என்னும் அறிஞர் செஞ்சாயம் தரும் கமலா மரத்திற்கு ராட்லரா என்று பெயர் சூட்டிப் பெருமைப்படுத்தினார். ஆனால் பின்வந்த ஆய்வு அம்மரத்தை மல்லோட்டஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டது. அந்தப் பெருமை வழக்கொழிந்தது. எனினும் வற்றிய ஏரிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் முளைக்கும் குரோசோபோரா ராட்லெரி என்னும் எளிய பூண்டில் அவர் பெயர் வாழ்கிறது. ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் ஏது? அவருடைய கரைவழிப் பயணக் குறிப்பை, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் மாத்யூ பாதிரியார் ஆங்கிலமாக்கி, நிலப்படத்துடன் 1993-இல் வெளியிட்டார். கிட்டத்தட்ட இரு நூற்றாண்டுக்குப் பின்னும் அக்குறிப்பு ஆய்வுக்கு உதவியது.

ராட்லர் நடந்த மணற்கரையின் பெரும்பகுதி இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையாகவும் சவுக்குத் தோப்பாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டது. எங்கே எந்தச் செடி நின்றது என்று எழுதிவைக்க ஆளிருந்தால்தான் எது குறைந்தது என்று பின்வருவோர் அறிய முடியும். மாணவ நண்பர்களே! தேர்வுக்காக நாம் உலர்த்தும் செடித்தாளை மதிப்பெண் வாங்கியதும் குப்பையில் எறியாதீர்கள். ஊர், நாள், மண், பூவின் நிறம், ஊரார் வழங்கும் பெயர் ஆகிய ஐந்தையும் பிழையின்றி எழுதிக் காப்போம். காய்ந்து உதிரும் செடியைக் காலத்துக்கும் சான்றாக நிறுத்துவது அந்த ஐந்து வரிகளே.